மச்சான் அனுப்பிய எடை மெஷின்

பேருந்து நிலைய ஊழியர் குடியிருப்பு,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கம் சொல்லி எழுதுவது. அங்கே நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் கல்யாணப் பெண்ணும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. எழுதிப் பார்த்தேன், பேனா ஓடவில்லை. ஆகவே அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மேலே போகிறேன், மன்னிக்கவும்.

பத்திரிகை கிடைத்தது. அட்டை கனமாக, எழுத்தெல்லாம் மினுமினுப்பாக, நன்றாக இருக்கிறது. உங்கள் தங்கை அதை எத்தனை தடவை படித்தாள் என்று கேட்காதீர்கள், அவள் விரல் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் மங்கிவிட்டது. உங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்த அத்தை அல்லவா அவள். ஆனால் மச்சான், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், கல்யாணத்துக்கு நாங்கள் வருவதாக இல்லை. கோபப்படாதீர்கள். அல்லது தாராளமாகக் கோபப்படுங்கள், ஆனால் இந்தக் கடிதம் முடிந்த பிறகு படுங்கள். இத்தனை வருஷம் நீங்கள் பேசி நான் கேட்டிருக்கிறேன், இன்றைக்கு ஒரு நாள் என் முறை.

எல்லாம் அந்த எடை மெஷினில்தான் ஆரம்பித்தது. நீங்கள் எடை முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவதும், இல்லாவிட்டால் கடைக்காரர் வயிற்றில் புளியைக் கரைப்பதும் உங்கள் தொழில். அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஊர் உலகத்தில் எந்த அண்ணனாவது தங்கையின் பிறந்தநாளுக்கு ஆள் நிற்கும் எடை மெஷினை, அதுவும் தன் கையாலேயே சோதித்து, அடியில் முத்திரை ஒட்டி, அனுப்புவானா? பார்சலைப் பிரித்தபோது உங்கள் தங்கை ஏதோ பாத்திரம் என்று நினைத்துச் சிரித்த முகமாகத்தான் பிரித்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அன்றைக்கே அதை மொட்டை மாடியிலிருந்து தூக்கிப் போட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

சாயங்காலம் நீங்கள் போன் பண்ணினீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் நூல் மாதிரி இருக்காங்கம்மா. அத்தைக்காரின்னு நீதான் வாசல்ல நின்னு வரவேற்கணும். அதுக்குள்ள கொஞ்சம் இளைச்சுக்க. பெரிய வித்தையா என்ன, வாயைக் கட்டினா தன்னால குறையப்போகுது. வாராவாரம் மெஷின்ல ஏறி முள்ளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடு" என்றீர்கள். அவள் "சரிண்ணா" என்றாள். அந்த "சரிண்ணா"வைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் அன்று ராத்திரி எனக்கு மட்டும் தட்டு வைத்தாள்.

உங்களுக்கென்ன மச்சான், பென்சில் மாதிரி இருக்கிறீர்கள். அந்த ஒல்லி உடம்பை வைத்துக்கொண்டு ஊரையே மிரட்டுகிறீர்கள். இங்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் வெந்நீர், மத்தியானம் வெள்ளரிக்காய், சாயங்காலம் மறுபடியும் வெந்நீர். அந்த வெந்நீரையும் மூக்கால் முகர்ந்துவிட்டுக் குடிப்பாள். எனக்குப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்ப்பாள். நான் ஒரு கவளம் எடுத்தால் அவள் தொண்டை அசையும். எனக்கு எப்படி இறங்கும்? அவளுக்காக நானும் பாதியில் எழுந்தால், "ஏன், நல்லா இல்லையா?" என்று கண்கலங்குவாள். சரி, சாப்பிட்டு முடித்தால், "நல்லா இறங்குது போல" என்பாள். உட்கார்ந்தாலும் குற்றம், எழுந்தாலும் குற்றம், மென்றாலும் குற்றம்.

இதில் தையற்காரரிடம் வேறு போனாள். கல்யாணத்துக்கு உடுத்த ரவிக்கை தைக்கக் கொடுத்தவள், அவர் அளவெடுக்க நாடாவை நீட்டியதும் தடுத்துவிட்டாள். "இப்ப இருக்கற அளவு வேண்டாங்க, கல்யாணத்தன்னிக்கு இருக்கப்போற அளவுல தைங்க" என்றாள். அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்கிறார், நான் அவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்கிறேன். வேறு என்ன செய்ய?

முதலில் கொஞ்சம் குறைந்தது, இல்லையென்று சொல்லவில்லை. நீங்களும் போனில் "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று குதித்தீர்கள். அதற்கப்புறம் முள் நின்றுவிட்டது. எவ்வளவு பட்டினி கிடந்தாலும் அசையமாட்டேன் என்கிறது. பசி மட்டும் முன்னைவிட அதிகமாகிவிட்டது. கவுண்டரில் உட்கார்ந்து டிக்கெட் கொடுக்கிறாளே, வரிசையில் நிற்பவர் ஒரு பிஸ்கட்டைக் கடித்தால் இவளுக்குச் சில்லறை தப்பிப்போகுமாம். அந்தக் கவுண்டரில் உட்காருவது அவளுக்கு ஏன் பிடிக்கும் தெரியுமா? ஒரு நாள் அவளே சொன்னாள்: "கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கறவரைக்கும் மூஞ்சியும் கையும்தாங்க தெரியும், மீதியை யாரும் பாக்கமாட்டாங்க." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சான்.

ஒரு வாரம் முள் நின்ற இடத்திலேயே நிற்கிறது, போட்டோ அனுப்பும் நேரமும் வந்துவிட்டது, இவள் மெஷின் மேலேயே நின்றுகொண்டு தேம்புகிறாள். எனக்குத் தாங்கவில்லை. அடுத்த தடவை அவள் ஏறுவதற்கு முன்னால், அடியில் முள்ளைச் சரிசெய்ய ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதே, அதை நான் கொஞ்சம் பின்னால் திருகிவிட்டேன். ஆமாம், நான்தான் திருகினேன், உங்கள் முத்திரைக்குப் பக்கத்திலேயே விரலை விட்டுத் திருகினேன். ஆய்வாளர் வீட்டு மாப்பிள்ளை எடையில் மோசடி! என்ன அபராதமோ போட்டுக்கொள்ளுங்கள். ஆள் ஏறாதபோது முள் பூஜ்யத்துக்குக் கீழே தொங்கும், ஆனால் அவள் ஏறும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாள், அதற்கும் எடை உண்டாம். அதனால் எனக்கு வசதியாகப் போயிற்று. இறங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போட்டோவைப் பார்த்தவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அதற்காக நான் உலகத்திலுள்ள எல்லாத் தராசையும் திருகத் தயாராக இருந்தேன்.

ஆனால் நான் கணக்குப் போட்டது ஒன்று, நடந்தது வேறு. முள் இறங்கிவிட்டது, இனி கொஞ்சம் சாப்பிடுவாள் என்று நினைத்தேன். நீங்கள் போட்டோவைப் பார்த்துவிட்டு "சபாஷ், இன்னும் கொஞ்சம்தான், விட்டுடாதே" என்றீர்கள். அவள் வெள்ளரிக்காயையும் நிறுத்திவிட்டாள். அதோடு விட்டாளா? எடை குறைந்தால் ரத்தக்கொதிப்பும் குறைந்திருக்கும் என்று அவளாகவே முடிவுகட்டி, எனக்குத் தெரியாமல் பிரஷர் மாத்திரையையும் நிறுத்தியிருக்கிறாள். உங்கள் சபாஷும் என் திருகலும் சேர்ந்து அவளை என்ன பாடுபடுத்தின என்று கேளுங்கள்.

எங்கள் நிலையத்தில் என் அறிவிப்பு அறை மாடியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தால் அவளுடைய மூன்றாவது கவுண்டர் நேராகத் தெரியும். எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்தக் கவுண்டரைப் பார்த்துக்கொண்டுதான் நான் அறிவிப்புச் செய்கிறேன். போன வாரம் ஒரு மத்தியானம் அந்த வரிசை மட்டும் நகரவில்லை. முன்னால் நின்றவர் கண்ணாடியைத் தட்டுகிறார். உள்ளே இவள் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, டிக்கெட்டை நீட்டிய கை நீட்டியபடி இருக்கிறது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? எழுந்து ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மைக்கைப் போட்டேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் எண் கவுண்டரில் பணியாற்றும் என் மனைவிக்கு உடல்நிலை சரியில்லை. அருகில் இருப்பவர்கள் தயவுசெய்து அவரைத் தாங்கிப் பிடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. பாவி, அதையும் இரண்டு தடவை சொன்னேன்.

ஒருத்தர், ஒரே ஒருத்தர் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டுமே! பெஞ்சில் படுத்திருந்தவர் புரண்டு படுத்தார். செல்போன் பார்த்தவர் செல்போனையே பார்த்தார். இத்தனை வருஷமாக எதைச் சொன்னாலும் அவர்கள் காதில் விழாது, அன்றைக்கும் விழவில்லை. மைக்கை அணைக்காமல் படியில் விழுந்தடித்து ஓடினேன். அறை வாசலைத் தாண்டும்போது "அய்யோ, என் தங்கமே, போயிடாதடி" என்று நான் கதறியது ஸ்பீக்கரில் நிலையம் முழுக்கக் கேட்டதாம். அதற்கு மட்டும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் அவளை நாற்காலியோடு வெளியே கொண்டுவந்திருந்தார்கள். அவள் வாய் கோணியிருந்தது. அந்தக் கோணின வாயால் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "கூட்டத்துக்கு நடுவுல இப்படியா மானத்தை வாங்குவீங்க?"

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்கு ரத்தம் போகிற பாதையில் சின்னதாக ஒரு அடைப்பு வந்து, நல்லவேளையாக அதுவே விலகிவிட்டதாம். வாய் அன்றைக்கே சரியாகிவிட்டது. இடது கைக்கு மட்டும் இன்னும் பலம் திரும்பவில்லை, வரும் என்கிறார்கள். அங்கே ஒரு மெஷினில் அவளை ஏற்றினார்கள். அது காட்டிய எண்ணைக் கேட்டதும் படுக்கையில் கிடந்தபடியே சண்டைக்கு வந்துவிட்டாள்: "உங்க மெஷின் தப்பு டாக்டர். எங்கண்ணன் ஆய்வாளரு. அவரு முத்திரை வெச்ச மெஷின் எங்க வீட்டுல இருக்கு, அது பொய் சொல்லாது." அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றேனே, அப்போது என் நெஞ்சு பட்ட பாட்டை எழுதத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அப்ப ஒண்ணுமே குறையலையா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த மருத்துவர் சின்ன உருவம், மெதுவாகப் பேசுகிற பெண்மணி. நாற்காலியை இழுத்துப் போட்டு இவள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தயவுசெய்து வரி தாண்டாமல் படியுங்கள். "அம்மா, உடம்புல இருக்கற கொழுப்பு சும்மா கெடக்கற மூட்டை இல்லை. அது லெப்டின்னு ஒரு ஹார்மோனைச் சுரக்குது. 'போதும், சேமிப்பு நெறைய இருக்கு, சாப்பாட்டை நிறுத்து'ன்னு மூளைக்குச் சொல்றதுதான் அதோட வேலை. கொழுப்பு கூடக் கூட லெப்டினும் கூடும். ஆனா நாள் கணக்கா கத்திக்கிட்டே இருந்தா மூளை அதைக் காதுல வாங்கறதை விட்டுடும். ரத்தம் பூரா 'போதும் போதும்'னு ஓடிக்கிட்டிருக்கும், மூளை மட்டும் 'இன்னும் பசிக்குது'ன்னு நெனைச்சுக்கிட்டிருக்கும்."

"எங்க பஸ் ஸ்டாண்டு மாதிரியே இருக்கே டாக்டர்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏறக்குறைய அப்படித்தான். ஆனா பசி விஷயத்துலதான் அந்தச் செவிடு. அதே லெப்டின் நரம்புகளை முடுக்கி விடறது மட்டும் நிக்கறதில்லை. அதனால ரத்தக்குழாய் இறுகுது, சிறுநீரகம் உப்பைப் பிடிச்சு வெச்சுக்குது, பிரஷர் ஏறுது. இதுதான் ஒரே காரணம்னு சொல்லமாட்டேன், ஆனா முக்கியமான காரணங்கள்ல இது ஒண்ணுன்னு நெனைக்கறோம்" என்றார். பட்டினி கிடந்தால் என்ன என்று கேட்டேன். "வயித்துலேர்ந்து கிரெலின்னு இன்னொரு ஹார்மோன் வருது, அது பசியைக் கூப்பிடறது. எடையைக் குறைச்சா அது அதிகமாகும், பழைய எடைக்கே இழுத்துக்கிட்டுப் போகப் பாக்கும். வாயை மட்டும் கட்டி இதோட மல்லுக்கட்ட யாராலயும் முடியாது. மாத்திரையை விடக்கூடாது, உப்பைக் குறைக்கணும், நடக்கணும், தூங்கணும், நேரத்துக்குச் சாப்பிடணும். தேவைப்பட்டா பசிக்குன்னே மருந்து இருக்கு, நான் பாத்துக்கறேன். பட்டினி மட்டும் வேண்டவே வேண்டாம்" என்றார்.

உங்கள் தங்கை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, குழந்தை கேட்பது மாதிரி, "அப்ப நான் தின்னிப்பண்டாரம் இல்லையா டாக்டர்?" என்றாள். "யாரும்மா அப்படிச் சொன்னது?" என்று அவர் கேட்டார். இவள் என்னை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள், சொல்லிவிடாதே என்று. சின்ன வயசில் உங்கள் வீட்டில் அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது யார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மருத்துவர் அவள் கையைப் பிடித்து, "இது உங்க தப்பு இல்லைம்மா" என்றார். அவ்வளவுதான், பொங்கிவிட்டாள். வாய் கோணியபோது அழவில்லை, கை விழுந்தபோது அழவில்லை. இதற்கு அழுதாள். அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், "நிஜமாவே அப்படிச் சொன்னாங்கள்ல?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஆமாம் ஆமாம் என்றேன். கூடவே வாழ்ந்தவன், இந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்கக்கூடாதா என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே மச்சான், நாங்கள் தீர யோசித்து முடிவு செய்துவிட்டோம். கல்யாண மண்டபத்தில் உங்கள் உறவுக்காரர்கள் அவள் முகத்தை முதலில் பார்க்கமாட்டார்கள், தட்டைத்தான் பார்ப்பார்கள். கொஞ்சம் வைத்துக்கொண்டால் "நடிக்கறா" என்பார்கள், நிறைய வைத்துக்கொண்டால் "திருந்தமாட்டா" என்பார்கள். அப்படி ஒரு இடத்தில் அவளை நிறுத்தமாட்டோம். உங்கள் எடை மெஷினைத் தனிப் பார்சலில் திருப்பி அனுப்புகிறோம், சக்கரத்தை நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள். இனி வாராவாரம் போன் வேண்டாம். அவள் எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். நாங்கள் உயிரோடு நிம்மதியாக இருந்துவிட்டுப் போகிறோம், விடுங்கள்.

உங்கள் மகளும் மருமகனாக வரப்போகிறவரும் ஒருவர் பேசுவதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டு, நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ மனதார வாழ்த்துகிறோம். உங்கள் வீட்டம்மாவுக்கு என் விசாரிப்புகள். உங்கள் மேல் எனக்குள்ள மரியாதையில் ஒரு குன்றிமணியும் குறையவில்லை, அதை எந்தத் தராசில் வேண்டுமானாலும் நிறுத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உறை தேடப் போன நேரத்தில் உங்கள் தங்கை முழுவதையும் படித்துவிட்டாள். இதில் "நாங்கள்" என்று வரும் இடத்திலெல்லாம் தயவுசெய்து "நான்" என்று திருத்திப் படித்துக்கொள்ளவும், அவளிடம் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "எங்கண்ணனுக்கு இப்படியெல்லாமா எழுதுவீங்க?" என்று ஆரம்பித்தவள் லேசில் விடவில்லை. பிறகு உட்கார்ந்து சொன்னாள்: "எங்கம்மாவும் என்னை மாதிரிதாங்க, பிரஷர்லதான் போனாங்க. அதுலேர்ந்து எங்கண்ணன் வயிறு நெறைய சாப்பிட்டு நான் பாத்ததே இல்லை. பாதித் தட்டுல எழுந்துடுவாரு, பசிக்கறப்பல்லாம் தண்ணியைக் குடிப்பாரு. ஒல்லியா இருக்காருன்னு நீங்க கிண்டல் பண்றீங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே உடம்புங்க. நான் தோத்துட்டேன், அவரு இன்னும் மல்லுக்கட்டிக்கிட்டிருக்காரு, அவ்வளவுதான் வித்தியாசம். டாக்டர் சொன்னதை எனக்காவது சொல்ல ஆள் இருந்துச்சு, அண்ணனுக்கு யாரு சொல்றது?"

மச்சான், எனக்கு இது தெரியாது. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருப்பேன், டாக்டர் சொன்ன பகுதியை நீங்கள் படித்தே ஆகவேண்டும் என்று அவள்தான் தடுத்துவிட்டாள். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுகிறோம். ரவிக்கையை இப்போதைய அளவுக்குத் தைக்கச் சொல்லியாகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் அவள் நாற்காலியை உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் போடச் சொல்கிறாள். நீங்கள் பாதியில் எழுந்தால் கையைப் பிடித்து உட்காரவைக்கப் போகிறாளாம். இடது கையில் இன்னும் பிடிமானம் இல்லாததால் நீங்கள் அவளுக்கு வலது பக்கமாக உட்காரவும்.